'அம்மாஜான்' (1999): ஒரு டாக்கா மசாலாப் படமும் அதன் காலமும்

வங்காளப் படம் என்றால் நம்மில் பலருக்கு சத்யஜித் ராய் ஞாபகம் வரும். அடுத்து ரித்விக் கட்டக், மிருணாள் சென். அதோடு பட்டியல் முடிந்துவிடும். மூவருமே கல்கத்தாவை மையமாகக் கொண்டு படம் எடுத்தவர்கள். ஆனால் வங்க மொழிக்கு இன்னொரு சினிமா நகரமும் இருக்கிறது. அதுதான் டாக்கா. அங்கே எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களைப் பற்றி நமக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. திரைப்பட விழாக்களுக்குப் போகாத, விமர்சகர்கள் மூக்கைச் சுளித்த, ஆனால் ரிக்‌ஷா ஓட்டுபவர்களும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களும் வரிசையில் நின்று பார்த்த படங்கள் அவை. அப்படிப்பட்ட ஒரு படத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

படத்தின் பெயர் 'அம்மாஜான்'. வெளிவந்த ஆண்டு 1999. இயக்குநர் காஸி ஹயாத். நாயகன் மான்னா, அம்மாவாக ஷப்னம். மௌசுமி, அமீன் கான், டிப்ஜல் ஆகியோரும் நடித்தார்கள். இசை அகமது இம்தியாஸ் புல்புல். 'அம்மாஜான்' என்றால் அம்மாவை மரியாதையும் செல்லமும் கலந்து கூப்பிடும் சொல். பெயரைக் கேட்டால் குடும்பப் படம் போலத் தோன்றும். உள்ளே போனால் சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் ஒரு மகனின் கதை. பங்களாதேஷ் வணிக சினிமாவின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று.

மேலோட்டமாகப் பார்த்தால் இது இன்னொரு அடிதடிப் படம், அவ்வளவுதான். ஆனால் அது எந்த நேரத்தில் வந்தது, யார் யார் சேர்ந்து எடுத்தார்கள், அதற்குப் பிறகு அந்த நாட்டில் என்ன நடந்தது என்று தொடர்ந்து படித்தால் ஒரு நாட்டின் வரலாற்றையே பார்த்துவிடலாம்.

கதை

முழுக் கதையையும் சொல்லப்போவதில்லை. முக்கியமான முடிச்சு மட்டும். பாத்ஷா என்ற சிறுவன் தன் அம்மாவுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைக் கண்ணால் பார்த்துவிடுகிறான். அந்த ஆளை அவனே கொன்றும் விடுகிறான். அன்று முதல் அம்மா அவனிடம் பேசுவதில்லை. கோபத்தினால் அல்ல. மகன் பார்த்துவிட்டானே என்ற கூச்சத்தினால்.

பாத்ஷா வளர்ந்து ஊரே நடுங்கும் ரவுடி ஆகிறான். பெண்களிடம் அத்துமீறுகிறவர்களைத் தேடித் தேடிக் கொல்கிறான். போலீசும் கோர்ட்டும் அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அம்மாவின் முன்னால் கைகட்டி நிற்கும் குழந்தை. அம்மா ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்பதுதான் அவனுடைய ஒரே ஏக்கம். அம்மா எதையாவது விரும்புகிறாள் என்று தெரிந்தால் அதைக் கொண்டுவந்து காலடியில் வைப்பான், அது இன்னொருவருடைய வாழ்க்கையாக இருந்தாலும்! படத்தின் பிற்பாதிச் சிக்கல் இதிலிருந்துதான் கிளம்புகிறது. முடிவை இங்கே சொல்லவில்லை, பார்க்காதவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இந்தக் கதைக்குள் ஒரு விசித்திரம் உண்டு. பழிவாங்கும் படங்களில் வழக்கமாக நாயகன் கடைசி வில்லனைக் கொல்வதோடு கணக்குத் தீர்ந்துவிடும். இங்கே உண்மையான குற்றவாளி ஆரம்பத்திலேயே செத்துவிடுகிறான். கணக்குத் தீரவில்லை. அதற்குப் பிறகு பாத்ஷா எத்தனை பேரைக் கொன்றாலும் அவனுக்கு வேண்டியது கிடைப்பதில்லை. தியேட்டரில் கைதட்டல் கேட்கிறது, அம்மா மட்டும் வாயே திறப்பதில்லை.

டாக்கா சினிமா அடிதடிக்கு வந்த கதை

கொஞ்சம் பின்னால் போவோம். இன்றைய பங்களாதேஷில் எடுக்கப்பட்ட முதல் முழுநீள வங்காளப் பேசும் படம் 'முக் ஓ முகோஷ்'. 'முகமும் முகமூடியும்' என்று பொருள். 1956 ஆகஸ்ட் 3 அன்று வெளியானது. அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். இந்தப் பிரதேசத்தின் ஈரமான வானிலையில் படமெல்லாம் எடுக்க முடியாது என்று மேற்குப் பாகிஸ்தான்காரர் ஒருவர் சொன்னதைச் சவாலாக எடுத்துக்கொண்டு அப்துல் ஜப்பார் கான் இதை எடுத்தார் என்று சொல்வார்கள். டாக்காவில் லேப் கிடையாது. பிலிமைக் கழுவ லாகூருக்கு அனுப்பவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, 1957-ல், அப்போது மாகாணத்தின் தொழில்துறை அமைச்சராக இருந்த ஷேக் முஜிபுர் ரஹ்மான் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். எஃப்.டி.சி. என்று எல்லோரும் சொல்லும் அந்த ஸ்டுடியோதான் பிறகு டாக்கா சினிமாவின் வீடு.

இன்னொரு தகவல். 'முக் ஓ முகோஷ்' எடுக்கப்பட்டது இயக்குநரே எழுதிய 'டகாத்' என்ற நாடகத்திலிருந்து. டகாத் என்றால் கொள்ளைக்காரன். ஆக, முதல் படத்திலேயே சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஆள் வந்துவிட்டான்.

1965 போருக்குப் பிறகு பாகிஸ்தானில் இந்தியப் படங்களுக்குத் தடை வந்தது. 1971-ல் நாடு பிரிந்த பிறகும் பங்களாதேஷில் அந்தத் தடை தொடர்ந்தது. பம்பாய் படங்களின் போட்டி இல்லாததால் உள்ளூர்ப் படங்களுக்குத் தியேட்டர்கள் உறுதி. அதே சமயம், பம்பாயில் ஓடியதை இங்கே திரும்ப எடுத்தால் காசு என்பதும் உறுதி. 'ஷோலே'யைத் தழுவி 1977-ல் 'தோஸ்த் துஷ்மன்' வந்தது இப்படித்தான்.

ஆனால் டாக்காவின் அடிதடிப் படம் வெறும் பம்பாய் நகல் இல்லை. அதற்கு 1971 என்ற சொந்த வேர் உண்டு. போர் முடிந்தபோது ஆயிரக்கணக்கான இளைஞர்களின் கையில் துப்பாக்கி இருந்தது. 1972-ல் வந்த 'ஓரா ஏகாரோ ஜன்' படத்தில் உண்மையான விடுதலைப் போராளிகளே நடித்தார்கள். அடுத்த ஆண்டு கான் அதாவுர் ரஹ்மான் எடுத்த 'ஆபார் தோரா மானுஷ் ஹ' வந்தது. 'மறுபடியும் மனிதர்களாகுங்கள்' என்று பொருள். போரிலிருந்து திரும்பிய மாணவர்கள், சுற்றிலும் பதுக்கலும் ஊழலும் பெருகுவதைப் பார்த்து மறுபடி ஆயுதத்தை எடுக்கிறார்கள். அவர்களைக் கெஞ்சித் திருப்பப் பார்க்கும் கல்லூரி முதல்வர் இன்னொரு பக்கம். தப்பு செய்கிறவனைச் சுட்டால் என்ன என்ற கேள்வி, நாடு பிறந்து இரண்டு வருடத்துக்குள்ளேயே திரைக்கு வந்துவிட்டது.

அதே 1973-ல் ஜஹிருல் ஹக் இயக்கிய 'ரங்பாஜ்' வந்தது. பங்களாதேஷின் முதல் ஆக்‌ஷன் படம் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதுவரை மென்மையான காதல் நாயகனாக இருந்த ரஸாக் இதில் தெரு ரவுடி. சண்டைக் காட்சிகளை அமைத்தவர் ஜாஷிம். இவரும் 1971-ல் போராடியவர். பிறகு வில்லனாகி, அதன் பிறகு நாயகனாகவும் ஆனார். சினிமாச் சண்டையை டாக்காவுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் நிஜச் சண்டையிலிருந்து வந்தவர்.

மஸ்தான்களின் காலம்

1990 டிசம்பரில் ஜெனரல் எர்ஷாத் பதவி விலகினார். மாணவர்களும் கட்சிகளும் சேர்ந்து நடத்திய போராட்டத்தின் வெற்றி அது. ஜனநாயகம் திரும்பியது. கூடவே இன்னொன்றும் வளர்ந்தது. கட்சிகளின் நிழலில் வாழும் உள்ளூர் ரவுடிகள். அங்கே அவர்களுக்கு 'மஸ்தான்' என்று பெயர். கடைக்காரரிடம், பஸ் முதலாளியிடம், காண்டிராக்டரிடம் மாமூல் வாங்குவார்கள். அந்த மாமூலுக்குப் பெயர் 'சாந்தா', வாங்குகிறவன் 'சாந்தாபாஜ்'. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மஸ்தான் மட்டும் அப்படியே இருப்பான், சட்டைதான் மாறும்.

இந்தக் காலத்தைத் தொடர்ந்து படமாக்கியவர் காஸி ஹயாத். 1979-ல் 'தி ஃபாதர்' என்ற படத்தில் ஒரு அமெரிக்கரை முக்கிய வேடத்தில் நடிக்கவைத்து இயக்குநராக அறிமுகமானவர். அதற்கு முன்பு ஆலம்கீர் கபீரிடம் உதவியாளர். அதாவது, கலைப்பட மரபை உள்ளிருந்து பார்த்துவிட்டு மசாலாவுக்கு வந்தவர். 90-களில் அவர் எடுத்த படங்களின் பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்தாலே போதும். 'தாங்கா' (1991) என்றால் கலவரம். 'த்ராஸ்' (1992) என்றால் பயங்கரம். அடுத்து 'சாந்தாபாஜ்' (1993). பிறகு 'லுட்டதராஜ்' (1997), அதாவது கொள்ளை. செய்தித்தாள் தலைப்புகள் மாதிரியே இல்லை?

இந்தப் படங்களில் பலவற்றுக்கும் நாயகன் மான்னா. இயற்பெயர் அஸ்லாம் தாலுக்தார். டாங்கைல் மாவட்டத்துக்காரர், 1964-ல் பிறந்தவர். எஃப்.டி.சி. 1984-ல் நடத்திய புதுமுகத் தேடலில் தேர்வானவர். சில ஆண்டுகள் சின்ன வேடங்களிலேயே கழிந்தன. 'தாங்கா', 'த்ராஸ்' படங்கள்தான் அவருக்கென்று ஓர் உருவத்தைக் கொடுத்தன. கரகரத்த குரல், உரத்த வசனம், கண்ணில் எப்போதும் ஒரு ஆத்திரம். படித்த நடுத்தர வர்க்கம் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கிய கூட்டம் அந்தக் குரலில் தன் ஆத்திரத்தைக் கேட்டது. 1996-ல் சல்மான் ஷாவும் 1998-ல் ஜாஷிமும் இறந்துபோனார்கள். அதன் பிறகு அந்தத் தொழிலின் பெரிய பாரத்தை மான்னாவின் தோள்தான் தாங்கியது.

'அம்மாஜான்' வந்தபோது இந்த இயக்குநரும் நடிகரும் சேர்ந்து ஏற்கெனவே பல படங்கள் செய்திருந்தார்கள். மஸ்தானை எதிர்க்கும் நாயகனிலிருந்து, மஸ்தானே நாயகன் என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை எட்டு வருடத்தில் எவ்வளவு தேய்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பேசாத அம்மாவாக நடித்தவர்

ஷப்னத்தின் கதை தனியாக ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு இருக்கிறது. இயற்பெயர் ஜர்னா பஸாக். டாக்காவின் இந்துக் குடும்பத்துப் பெண். 1961-ல் 'ஹாரானோ தின்' என்ற வங்காளப் படம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1962-ல் எஹ்தேஷாம் எடுத்த உருதுப் படம் 'சந்தா' மேற்குப் பாகிஸ்தான் வரை கொண்டுபோனது. இசையமைப்பாளர் ராபின் கோஷை மணந்தார். 60-களின் கடைசியில் இருவரும் மேற்கே குடிபெயர்ந்தார்கள். 1971-ல் நாடு இரண்டாக உடைந்தபோது அவர் அங்கேதான் இருந்தார்.

அந்த வங்காளப் பெண்தான் பிறகு பாகிஸ்தான் உருது சினிமாவின் முதல்நிலை நாயகி. 1977-ல் வந்த 'ஆயினா' கராச்சியில் 400 வாரங்களுக்கு மேல் ஓடியதாகக் கணக்கு. பாகிஸ்தானின் நிகார் விருதுகளைப் பத்து முறைக்கு மேல் வாங்கியிருக்கிறார். வங்காளிகள் மேல் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய கொடுமைக்குப் பிறகும், லாகூர் தியேட்டர்களில் ஒரு டாக்காப் பெண்ணுக்குக் கூட்டம் கூடியது. அரசியல் சொல்லாததை சினிமா சொல்லும் என்பது இதுதான் போலிருக்கிறது.

90-களில் அவர் டாக்காவுக்குத் திரும்பினார். தாய்மொழி ரசிகர்கள் அவரை மறுபடி கொண்டாடியது 'அம்மாஜான்' படத்தில். இரண்டு மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் பேசிய நடிகை, சொந்த ஊரில் நினைக்கப்படுவது மகனிடம் பேசாமல் இருந்த ஒரு வேடத்துக்காக. திரைப்படம் என்ற அளவில் அவர் கடைசியாக நடித்ததும் அதுதான்.

பாட்டும் ஒரு வரலாறு

இந்தப் படத்தைப் பார்க்காத பங்களாதேஷ்காரர்கள்கூட அதன் தலைப்புப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். பாடியவர் அயூப் பச்சு. இவர் சினிமாப் பாடகர் அல்ல. சிட்டகாங்கிலிருந்து வந்த ராக் கிடாரிஸ்ட், 1991-ல் தொடங்கிய எல்.ஆர்.பி. இசைக்குழுவின் தலைவர். கல்லூரி மாணவர்களின் நட்சத்திரம். அவருடைய ரசிகர்கள் பலர் எஃப்.டி.சி. படம் ஓடும் தியேட்டர் பக்கமே போகாதவர்கள். அவரைக் கூப்பிட்டு ஒரு ரவுடி தன் அம்மாவை நினைத்து உருகும் பாட்டைப் பாடவைத்தார்கள். இரண்டு உலகமும் அந்த ஒரு பாட்டில் சந்தித்துக்கொண்டன. 2018 அக்டோபர் 18 அன்று பச்சு இறந்தார்.

இசையமைத்த புல்புல் பதினைந்து வயதில் 1971 போரில் இறங்கியவர். பாகிஸ்தான் ராணுவத்திடம் பிடிபட்டுச் சித்திரவதையும் பட்டவர். பிறகு நாட்டின் மிகப் புகழ்பெற்ற தேசபக்திப் பாடல்கள் சிலவற்றுக்கு இசையமைத்தார். 2012-ல் போர்க்குற்ற நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினார். 2019 ஜனவரியில் காலமானார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தனக்கு நடந்த கொடுமைக்கு நாற்பது வருடம் காத்திருந்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன ஒரு மனிதர்தான், நீதிமன்றத்தையே கண்டுகொள்ளாத நாயகனுக்கு இசையமைத்திருக்கிறார்.

ஏன் அந்தப் படம், ஏன் அப்போது?

1995 ஆகஸ்ட் 24. வடக்கே தினாஜ்பூர் மாவட்டம். டாக்காவில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த ஒரு சிறுமி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றவளை, வீட்டில் விடுகிறோம் என்று போலீஸ் வேனில் ஏற்றினார்கள். பிறகு அவளுடைய உடல்தான் கிடைத்தது. பாலியல் வன்முறைக்குப் பின் கொலை. அவளுடைய நடத்தையே சரியில்லை என்று போலீஸ் தரப்பு கதை கட்டியபோது ஊர் கொதித்து எழுந்தது. போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, ஏழு பேர் பலி. மூன்று போலீஸ்காரர்களுக்கு 1997-ல் தூக்கு விதிக்கப்பட்டு, 2004-ல் நிறைவேறியது. அந்த ஆகஸ்ட் 24-ஐப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாளாக அங்கே இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

1998-ல் டாக்காவுக்கு அருகே ஜஹாங்கீர்நகர் பல்கலைக்கழகம். ஆளும் கட்சியின் மாணவர் பிரிவைச் சேர்ந்த சிலர் மாணவிகள் மேல் தொடர்ந்து பாலியல் வன்முறை செய்தார்கள் என்ற செய்தி வெளிவந்தது. மாணவிகள் தெருவுக்கு வந்தார்கள். வாரக்கணக்கில் ஊர்வலம், முற்றுகை. நிர்வாகம் விசாரணைக் குழு போட்டுச் சிலரை வெளியேற்றவேண்டியதாயிற்று. தெற்காசியப் பல்கலைக்கழகங்களில் இப்படி ஒரு போராட்டம் அதற்கு முன் நடந்தது அரிது.

'அம்மாஜான்' வந்தது இதற்கு அடுத்த வருடம். இந்தச் சம்பவங்களை வைத்துத்தான் படம் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன் மனதில் இவையெல்லாம் இருந்திருக்கும். போலீசே குற்றவாளி, ஆளும் கட்சிக்காரனே குற்றவாளி என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? திரையில் பாத்ஷா ஒருவனை அடிக்கும்போது எழுந்த விசிலுக்குப் பின்னால் இந்தக் கேள்வி இருந்தது.

இன்னும் ஆழத்தில் 1971 இருக்கிறது. அந்த ஒன்பது மாதங்களில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் இரண்டு லட்சம் என்பது அரசு சொல்லும் எண்ணிக்கை. 1971 டிசம்பரில் புதிய அரசு அவர்களுக்கு 'பீராங்கனா', அதாவது வீராங்கனை, என்று பட்டம் கொடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சொல்லே பல ஊர்களில் அவர்களை அடையாளம் காட்டிக்கொடுக்கும் வசவாக மாறியது. குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டன. அவர்களில் முதல் சிலரின் பெயர்கள் அதிகாரபூர்வ விடுதலைப் போராளிகள் பட்டியலில் ஏறியது 2015-ல்தான். 44 ஆண்டுகள்! மகனிடம்கூடப் பேச முடியாத அம்மா என்பது சினிமாவுக்காகக் கற்பனை செய்தது மட்டும் அல்ல. அந்த நாட்டின் எத்தனையோ வீடுகளில் அப்படி ஒரு மௌனம் இருந்தது.

பாத்ஷா திரைக்கு வெளியே வந்தபோது

இனி சங்கடமான பகுதி. 1999-ல் கைதட்டிய அதே ஆசையை அடுத்தடுத்த அரசுகள் நிஜத்தில் நிறைவேற்றித் தந்தன.

2002 அக்டோபரில் 'ஆபரேஷன் கிளீன் ஹார்ட்' என்ற பெயரில் ராணுவத்தை இறக்கினார்கள். மஸ்தான்களை ஒழிக்கப்போகிறோம் என்றார்கள். 2003 ஜனவரியில் முடிவதற்குள் காவலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலருக்கும் சொல்லப்பட்ட காரணம் மாரடைப்பு. யாரும் வழக்குப் போடக்கூடாது என்று உடனே ஒரு பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2015-ல். நடுவில் 2004-ல் ரேபிட் ஆக்‌ஷன் பட்டாலியன் உருவானது. கறுப்பு உடை, கறுப்புத் தலைக்கட்டு, கறுப்புக் கண்ணாடி. அவர்களுடைய 'கிராஸ்ஃபயர்' என்ற சொல் அங்கே அன்றாட வார்த்தையாகிவிட்டது. நள்ளிரவில் ஆயுதத்தைக் காட்டக் கூட்டிப்போவார்களாம், கூட்டாளிகள் சுடுவார்களாம், நடுவில் மாட்டிக் கைதி மட்டும் இறப்பாராம். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்! ஆரம்பத்தில் இதற்கு மக்களிடம் வரவேற்பு இருந்தது என்பதுதான் வேதனை.

2019 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடந்தது அப்படியே சினிமா. பாலியல் வழக்குகளில் சந்தேகிக்கப்பட்ட மூன்று பேரின் உடல்கள் அடுத்தடுத்து வெவ்வேறு இடங்களில் கிடந்தன. கழுத்தில் தொங்கிய தாளில், செய்த குற்றத்துக்கு இதுதான் தண்டனை என்ற பாணியில் வாசகம். மூன்றாவது தாளில் 'ஹெர்குலிஸ்' என்று கையெழுத்து. கொன்றவன் யார் என்று தெரியாமலேயே சமூக வலைத்தளங்களில் அவனைப் பலர் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில், பாலியல் குற்றவாளிகளைக் கிராஸ்ஃபயரில் கொல்லவேண்டும் என்று நாடாளுமன்றத்திலேயே சில உறுப்பினர்கள் பேசினார்கள். சட்டம் செய்யும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சட்டமில்லாமல் கொல்லச் சொல்கிறார்கள்!

அந்த மூன்று பேரும் குற்றவாளிகள்தானா? யாருக்கும் தெரியாது. சினிமாவில் நமக்குத் தெரியும், ஏனென்றால் குற்றத்தைக் கேமரா நமக்குக் காட்டிவிடுகிறது. பாத்ஷா ஒருபோதும் தப்பான ஆளைக் கொல்லமாட்டான் என்பது திரைக்கதை கொடுக்கும் உத்தரவாதம். நிஜத்தில் அந்த உத்தரவாதத்தை யாரும் கொடுக்க முடியாது. அதற்காகத்தான் விசாரணை, சாட்சி, கோர்ட் என்று இத்தனை ஏற்பாடும்.

அம்மாவுக்கு என்ன வேண்டும்?

கோர்ட் மட்டும் ஒழுங்காக இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 1872-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய சாட்சியச் சட்டம்தான் அங்கேயும். அதன் 155(4) பிரிவு, பாலியல் புகார் கொடுக்கும் பெண் 'பொதுவாக ஒழுக்கமற்றவள்' என்று காட்டி அவளுடைய சாட்சியத்தை உடைக்க எதிர்த்தரப்புக்கு வழி கொடுத்தது. அதாவது, நடந்ததைச் சொல்ல அவள் வாயைத் திறந்தால், குறுக்கு விசாரணையில் அவளுடைய வாழ்க்கையே சந்திக்கு வரும். மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் இரண்டு விரல் சோதனை வேறு. தினாஜ்பூர் சிறுமியைப் பற்றிப் போலீஸ் தரப்பு கட்டிய கதையும் இதே தந்திரம்தான். இப்படி ஒரு ஏற்பாட்டில் பெண்கள் பேசாமல் இருந்ததில் என்ன ஆச்சரியம்?

இங்கேதான் படம் தன்னை அறியாமலே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாத்ஷா நினைக்கிறான், கெட்டவர்கள் செத்தால் அம்மாவின் துக்கம் தீரும் என்று. ஆனால் அவளுடைய துக்கம் அது இல்லை. தனக்கு நேர்ந்தது தன்னுடைய அவமானம் என்று ஊர் அவளை நம்பவைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையை எந்தச் சண்டைக் காட்சியும் உடைக்காது. மகன் ஊரையே எரித்தாலும் அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கக் கூசத்தான் செய்வாள்.

படத்தின் மேல் குறையும் உண்டு. அம்மாவின் வேதனையை மதிக்கும் படம், மற்றப் பெண்களின் வேதனையைக் காட்சிப் பொருளாக்குகிறது. நாயகனின் ஆத்திரத்துக்குக் காரணம் வேண்டும் என்பதற்காக ஒரு பலாத்காரக் காட்சியை வைப்பது அந்தக் கால டாக்காப் படங்களின் வாடிக்கை. அது பிறகு இன்னும் மோசமான திசையில் போனது. தணிக்கைக்குத் தப்பி, ரீலுக்கு நடுவே ஆபாசத் துண்டுகளை ஒட்டி ஓட்டும் 'கட்பீஸ்' பழக்கம் பரவியது. மானிடவியலாளர் லோட்டே ஹூக் 2013-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். குடும்பங்கள் தியேட்டருக்கு வருவதை நிறுத்தின. 90-களில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த தியேட்டர்கள் சில நூறாகக் குறைந்தன. அந்த ஆபாச அலைக்கு எதிராகத் தொழிலுக்குள்ளிருந்தே பேசியவர்களில் மான்னாவும் ஒருவர்.

அவர் 2008 பிப்ரவரி 17 அன்று மாரடைப்பால் இறந்தார். 44 வயதுகூட நிறையவில்லை. அஞ்சலி செலுத்த டாக்காவில் கூடிய கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போலீஸ் திணறியது. நடுத்தர வர்க்கம் அன்றுதான் மான்னா யார் என்று திரும்பிப் பார்த்தது.

சட்டமும் மெல்ல அசைந்தது. 2018-ல் இரண்டு விரல் சோதனைக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2020 அக்டோபரில் நோவாகாலி சம்பவத்துக்கு எதிராக நாடு முழுக்கப் போராட்டம் வெடித்தபோது, அரசு அவசரமாக மரண தண்டனையைக் கொண்டுவந்தது. அதுவும் பாத்ஷா பாணித் தீர்வுதான். கூட்டத்தை அமைதிப்படுத்தும், ஒரு பெண் புகார் கொடுக்கப் போகும் வழியை எளிதாக்காது. அதைக் கொஞ்சம் எளிதாக்கியது 2022 நவம்பரில் வந்த திருத்தம். அந்த 155(4) பிரிவு நீக்கப்பட்டது. (இந்தியா இருபது ஆண்டுகள் முன்பே நீக்கிவிட்டது.) பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் வருடக்கணக்கில் மனுப் போட்டு, வாதாடி, ஊர்வலம் போய் வாங்கிய திருத்தம் அது.

அதைப் பற்றி யாரும் மசாலாப் படம் எடுக்கப்போவதில்லை. சண்டைக்கும் பாட்டுக்கும் அதில் இடமில்லை. ஆனால் அம்மாஜான் வாயைத் திறந்து பேசவேண்டும் என்றால் அவளுக்குத் தேவைப்பட்டது அதுதான். படம் கிடைத்தால் பாருங்கள். பாத்ஷா அடிப்பதைப் பார்த்துக் கைதட்டவும் செய்யலாம், தப்பில்லை. கூடவே அந்த அம்மாவின் முகத்தையும் ஒரு முறை கவனியுங்கள்.